எவாஞ்சலியன், முதல் ஆறு எபிசோடுகள்: ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் மனம் ஏன் இறுகிப்போகிறது? (ஆறாவதற்கு மேல் உள்ள கதையைச் சொல்லிவிட வேண்டாம்)

நெடுவழி:

வணக்கம். ‘நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்’ தொடரை முதன்முறையாகப் பார்க்கத் தொடங்கி ஆறாவது எபிசோடு வரை வந்திருக்கிறேன். 1995 அக்டோபரில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கி 26 எபிசோடுகளாக வந்தது, ஹிதேயாகி அன்னோ இயக்கியது, ராட்சத இயந்திரங்களைச் சிறுவர்கள் ஓட்டும் கதை என்பவற்றைத் தவிர வேறு எதையும் அறியாமலேயே இதற்குள் நுழைந்தேன். தொடரை முழுமையாகப் பார்த்தவர்கள், மேற்கொண்டு வரும் திருப்பங்களை வெளிப்படுத்தாமல், என் ஐயங்களுக்கு விடை தர வேண்டுகிறேன்.

முதல் எபிசோடு என்னை முழுமையாக ஆட்கொண்டது. தொலைபேசி இணைப்புகள் அறுந்துபோன, ஆளரவமற்ற ஒரு நகரத் தெருவில் பதினான்கு வயது ஷின்ஜி தனியாக நிற்பதும், மலைகளுக்குப் பின்னாலிருந்து சாகியேல் என்னும் ஏஞ்சல் (நகரத்தைத் தாக்க வரும் ராட்சத உயிரி) நிதானமாக நடந்து வருவதும், படையினர் தம்மிடம் உள்ள மிகப் பெரிய குண்டை வெடித்த பின்னும் அது காயத்தை ஆற்றிக்கொண்டு எழுவதும் அபாரமாக எடுக்கப்பட்டிருந்தன. ஆனால் அவற்றையெல்லாம் விட என்னை உலுக்கியது, நெடுநாள் கழித்து மகனைக் காணும் கெண்டோ அவன் நலம்கூட விசாரிக்காமல் உயரத்தில் நின்றபடி இயந்திரத்தில் ஏறச் சொல்வதும், அவன் மறுத்த மறுகணமே உடலெங்கும் கட்டுகளோடு இருக்கும் ரெய் என்ற பெண் பைலட்டைப் படுக்கையோடு தள்ளிக்கொண்டு வரச் செய்வதும்தான். அவளைத் தாங்கிப் பிடித்த கையில் இரத்தத்தைக் கண்ட பிறகு, ஓடிவிடக் கூடாது என்று தனக்குத்தானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு அவன் சம்மதிக்கும்போது, ஒரு நாயகன் பிறக்கிறான் என்ற உணர்வு எனக்கு வரவில்லை. ஒரு சிறுவனை எல்லாரும் சேர்ந்து மூலையில் நெருக்கிவிட்டார்கள் என்றே தோன்றியது.

என் முதல் ஐயம் இரண்டாவது எபிசோடு பற்றியது. சண்டை தொடங்கிய சில நொடிகளில் எவா, அதாவது ஷின்ஜி ஓட்டும் அந்த ராட்சத இயந்திரம், தடுமாறி விழுகிறது, அதன் கை முறிக்கப்படுகிறது, தலை துளைக்கப்படுகிறது. உடனே காட்சி அறுந்து, ஷின்ஜி மருத்துவமனைப் படுக்கையில் கண் விழிக்கிறான். இவ்வளவு கட்டியெழுப்பிய சண்டையை ஏன் இப்படி நடுவில் வெட்ட வேண்டும்? எபிசோடின் கடைசியில் மீதியைக் காட்டுகிறார்கள் என்றாலும், அப்போது முடிவு ஏற்கெனவே தெரிந்துவிட்டதே.

இரண்டாவது ஐயம் ஷின்ஜியைப் பற்றியது. இந்தத் தொடரைப் பற்றிய பேச்சு எங்கே நடந்தாலும் அவன் கோழை, அழுமூஞ்சி என்ற சொற்கள் வந்து விழுவதைக் கண்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் ஏன் தோன்றவில்லை என்று தெளிவாகச் சொல்ல வரவில்லை.

மூன்றாவதாக, இந்த இறுக்கம் இப்படியே தொடருமா என்பதையும் அறிய விரும்புகிறேன். ஆறு எபிசோடுகளில் மூன்று ஏஞ்சல்கள் வீழ்த்தப்பட்டுவிட்டன. ஒரு முறையாவது எழுந்து நின்று கைதட்ட வேண்டும் என்ற எண்ணம் வரவில்லை. வெற்றி இவ்வளவு பாரமாக இருப்பது திட்டமிட்டே செய்யப்பட்டதா?

கார்முகில்:

வரவேற்கிறேன், நெடுவழி. உங்கள் முதல் இரண்டு ஐயங்களும் ஒரே இடத்திலிருந்து பிறப்பவை என்பது என் கருத்து. ஆகவே இரண்டாவது எபிசோடைச் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

அதில் காட்சிகள் அடுக்கப்பட்டிருக்கும் வரிசையைக் கவனியுங்கள். சண்டையின் தொடக்கம், வெட்டு, அறிமுகமில்லாத ஓர் அறையின் மேற்கூரை, சேதக் கணக்கும் செலவுக் கணக்கும் பேசும் பெரியவர்கள், அவனைத் தன்னோடு தங்கவைக்கும் அதிகாரி மிசாட்டோவின் குப்பை நிறைந்த வீடு, பென்குயின், குளியலறை, பிறகு இருட்டில் தனியாகப் படுத்திருக்கும் ஷின்ஜி. அதற்குப் பிறகுதான் சண்டையின் மீதி அவனுடைய நினைவாகத் திரும்பி வருகிறது. நீங்கள் சொன்னது போலவே, அதற்குள் நமக்கு முடிவு தெரிந்துவிடுகிறது. ஏஞ்சல் அழிந்தது, நகரம் தப்பியது, சிறுவன் உயிரோடு இருக்கிறான். ஆகவே ‘வெல்வானா’ என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. ‘அந்தச் சில நிமிடங்களில் இவனுக்கு என்ன நேர்ந்தது’ என்ற ஒரே கேள்வியோடுதான் நாம் அந்த நினைவுக்குள் நுழைகிறோம். சண்டையை நேர்கோட்டில் காட்டியிருந்தால், எவா வெறிகொண்டு எழுந்து ஏஞ்சலின் தடுப்புச் சுவரைக் கைகளால் கிழிக்கும் இடத்தில் நாம் நிச்சயம் ஆர்ப்பரித்திருப்போம். இந்த வரிசையில் பார்க்கும்போது அதே காட்சி அச்சத்தைத் தருகிறது. கவசம் கழன்று விழுந்த பிறகு எதிரே உள்ள கட்டடக் கண்ணாடியில் தெரியும் அந்த உயிருள்ள முகமும், புதிதாக முளைத்துத் திரும்பி அவனையே பார்க்கும் கண்ணும், அவனுடைய அலறலும்தான் அந்த நினைவின் உச்சம். ஏஞ்சலின் அழிவு அதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. அந்தச் சண்டையை வென்றது ஷின்ஜி அல்லன். அவன் செயலற்றுப்போன பிறகு எவா தானாகவே எழுந்து அடித்தது. நினைவு முடிந்தவுடன் மிசாட்டோ கதவருகே வந்து, பிறர் பாராட்டத்தக்க செயலைச் செய்திருக்கிறாய், பெருமைப்படலாம் என்ற பொருளில் அவனிடம் சொல்கிறார். அன்போடு சொல்லப்பட்ட சொற்கள்தான் அவை. ஆனால், தான் செய்யாத ஒன்றுக்காகப் பாராட்டப்படுகிறோம் என்பது அங்கே அவன் ஒருவனுக்கு மட்டுமே தெரியும். அடுத்த எபிசோடில் பள்ளியில் வகுப்புத் தோழன் டோஜி அவனை முகத்தில் குத்துகிறான். அந்தச் சண்டையில் தன் தங்கை காயமடைந்ததற்கு அவனே காரணம் என்கிறான். செய்யாத செயலுக்குப் பாராட்டும் அதே செயலுக்குத் தண்டனையும் வந்து சேர்ந்துவிட்டன, அவன் சொந்தமாக ஒரு முடிவைக்கூட எடுக்காத நிலையில். அந்தத் தொடர்ச்சியை எழுதியவர்கள் மீது எனக்கு அளவற்ற மதிப்பு உண்டு.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு மூன்றாவது எபிசோடைப் பாருங்கள். பயிற்சிக் கூடத்தில் ‘இலக்கை நடுவில் கொண்டுவா, விசையை அழுத்து’ என்று உணர்ச்சியற்ற குரலில் முணுமுணுத்தபடி சுட்டுக்கொண்டிருக்கும் அதே சிறுவன், அடுத்த ஏஞ்சலான ஷாம்ஷெல் வந்தபோது மின்கம்பி அறுந்து, உள் மின்கலத்தில் சில நிமிடங்களே மீதமிருக்க, பின்வாங்கு என்ற ஆணையை மீறிக் கத்தியோடு பாய்கிறான். வயிற்றை அந்த ஒளிச்சாட்டைகள் துளைத்த பிறகும் கத்தியை எடுக்கவில்லை. அது கோழையின் செயலா? வீரத்தின் செயல் என்றும் என்னால் சொல்ல முடியாது. சொந்தமாக எதையேனும் தேர்ந்தெடுக்க அவனுக்குக் கிடைத்த முதல் வாய்ப்பில், தன்னையே அழித்துக்கொள்ளக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறான். மின்கலம் தீர்ந்து எல்லாம் அணைந்த பிறகு அவன் அழுவதை அவன் காப்பாற்றி உள்ளே ஏற்றிக்கொண்ட டோஜியும் அவனுடைய நண்பன் கென்சுகேயும் பார்க்கிறார்கள். அவனை வெறுத்தவனே அந்த அழுகைக்குச் சாட்சியாகிறான். கோழை என்று சொல்பவர்கள், அவன் மறுக்கும் காட்சிகளை மட்டும் எண்ணிவிட்டு, மறுத்த பிறகும் ஏறுகிற காட்சிகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

தாழிசை:

கார்முகில் சொன்னவற்றோடு உடன்படுகிறேன். இந்தத் தொடர் எந்த மரபிலிருந்து வந்தது என்பதைச் சேர்த்துப் பார்த்தால் உங்களுடைய ‘கைதட்டத் தோன்றவில்லை’ என்ற உணர்வு இன்னும் தெளிவாகும்.

1972இல் வந்த ‘மஜிங்கர் இசட்’ தொடரில்தான் நாயகன் ராட்சத ரோபோவின் உள்ளே அமர்ந்து அதை ஓட்டும் வடிவம் நிலைபெற்றது. தாத்தா உருவாக்கிய இயந்திரம் பேரனுக்குக் கிடைக்கும் வரம் அது. உள்ளே அமர்ந்த சிறுவன் பெரியவர்களையும் விஞ்சிய ஆற்றலைப் பெறுகிறான். 1979இல் ‘மொபைல் சூட் கண்டம்’ அந்த வரத்தைப் போராக மாற்றியது. அங்கேயும் அமுரோ, தந்தை பங்கேற்று வடிவமைத்த இயந்திரத்தில்தான் ஏறுகிறான். ஒரு கட்டத்தில் ஏற மறுத்துத் தன் தளபதியிடம் அறையும் வாங்குகிறான். ஆகவே தயங்கும் பைலட் என்பதை அன்னோ கண்டுபிடித்தார் என்று சொல்வது பிழை. ஆனால் அமுரோ முதல் எபிசோடில் கையேட்டைப் புரட்டியபடி தானாகவே உள்ளே ஏறியவன். ஷின்ஜி கடிதம் போட்டு வரவழைக்கப்பட்டவன். அமுரோவுக்கு இயந்திரத்தின் மீது இயல்பான ஈர்ப்பு உண்டு. ஷின்ஜிக்கு அதன் மீது எந்த ஆர்வமும் இல்லை. தந்தையின் ஒரு சொல்லுக்காக அவன் ஏறுகிறான் என்பதை நான்கு எபிசோடுகளுக்குள்ளேயே நாம் புரிந்துகொள்கிறோம்.

இன்னொரு வேர் ‘அல்ட்ராமேன்’. 1966இல் தொடங்கிய அந்தத் தொடரின் ராட்சத நாயகன் பூமியில் மூன்று நிமிடங்களே தாக்குப்பிடிப்பான். அன்னோ அதன் மீது பெரும் பற்று கொண்டவர். இளைஞராக இருந்தபோது நண்பர்களோடு சேர்ந்து எடுத்த ஒரு குறும்படத்தில் தாமே அல்ட்ராமேனாக நடித்திருக்கிறார். எவாவின் கம்பி அறுந்த பிறகு ஓடத் தொடங்கும் அந்த ஐந்து நிமிடக் கடிகாரத்திலும், கூன் விழுந்தது போன்ற அதன் நடையிலும் அந்த ராட்சதனின் சாயலைக் காண்கிறேன். ஆனால் அல்ட்ராமேனுக்கு நேரம் தீர்ந்தால் அவன் வானத்தில் பறந்து போய்விடுவான். எவா இருளில் உறைந்து நிற்கும், சிறுவன் உள்ளே இருப்பான்.

உடல் வலியையும் மறந்துவிடக் கூடாது. எவாவின் கை முறுக்கப்படும்போது ஷின்ஜி தன் கையைப் பற்றிக்கொண்டு துடிக்கிறான். அது உன் கை அன்று என்று மிசாட்டோ கட்டுப்பாட்டு அறையிலிருந்து கத்துகிறார். அந்த ஒரு வாக்கியத்தில் இயந்திரக் கதைகளின் பழைய இன்பம், அதாவது இரும்புக்குள் பாதுகாப்பாக இருக்கும் இன்பம், பறிக்கப்பட்டுவிடுகிறது. எவாவுக்குள் இருப்பது எந்தப் பாதுகாப்பையும் தருவதில்லை.

வெளியிலிருந்து ஒரு செய்தியையும் சொல்கிறேன். 1991இல் தாம் இயக்கிய ‘நாடியா’ தொடர் முடிந்த பிறகு நான்கு ஆண்டுகள் எதையும் செய்ய இயலாத நிலையில் இருந்ததாகவும், ஓடிவிடக் கூடாது என்ற எண்ணத்தோடு இந்தத் தொடரைத் தொடங்கியதாகவும் அன்னோவே, ஒளிபரப்புக்கு முன்னர், 1995இல் எழுதிய அறிக்கையில் சொல்லியிருக்கிறார். முதல் எபிசோடில் ஷின்ஜி முணுமுணுக்கும் அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வெண்பலகை:

இதுவரை எழுதிய இருவரிடமிருந்தும் ஓரளவு விலகி நிற்க விரும்புகிறேன். இந்தத் தொடரை நானும் மிகவும் மதிக்கிறேன். இருந்தாலும் முதல் ஆறு எபிசோடுகளில் உள்ள ஒவ்வொன்றும் ஆழ்ந்த நோக்கத்தோடு வைக்கப்பட்டது என்று புதிதாகப் பார்ப்பவரிடம் சொல்வது சரியன்று.

மிசாட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். இருபத்தொன்பது வயது அதிகாரி, ஒரு சிறுவனைத் தன் பொறுப்பில் வீட்டுக்கு அழைத்து வருகிறார். அவனுடைய தனிமையை உணர்ந்த முதல் பெரியவர் அவர்தான் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே காட்சிகளில் அவருடைய உடலைக் காட்டிச் சிரிப்பு மூட்டுவதும், ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும் வரும் முன்னோட்டத்தில் ‘அடுத்த முறையும் கவர்ச்சி உண்டு’ என்ற தொனியில் அவரே பேசுவதும், சற்று முன்பு நாம் பார்த்த துயரத்தோடு ஒட்டவில்லை. ஐந்தாவது எபிசோடில் ரெய்யின் வீட்டில் ஷின்ஜி தடுமாறி அவள் மீது விழும் காட்சியை, அவளுடைய உணர்ச்சியின்மையைக் காட்டுவதற்காகவே வைத்தார்கள் என்று பலர் வாதிடுகிறார்கள். அதைக் காட்ட வேறு ஆயிரம் வழிகள் இருந்தன. பதினான்கு வயதுப் பிள்ளைகள் என்பதை நினைக்கும்போது அந்தக் காட்சியை என்னால் ஏற்க முடிவதில்லை. 1995ஆம் ஆண்டின் வழக்கம் என்ற விளக்கமும் எனக்குப் போதவில்லை.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். பெரியவர்கள் எவ்வளவு தவறானவர்கள் என்பதைத் தொடர் தெளிவாகவே அறிந்திருக்கிறது. கெண்டோவைச் சொல்ல வேண்டியதே இல்லை. அறிவியலாளர் ரிட்சுகோ விகிதங்களையும் அளவீடுகளையும் வாசித்துக்கொண்டிருக்கிறார். அன்பு காட்டும் மிசாட்டோவும் மறுநாள் காலையில் அதே சிறுவனைப் போருக்கு அனுப்பும் பதவியில்தான் இருக்கிறார். கார்முகில் குறிப்பிட்ட அந்தப் பாராட்டைச் சொல்லும்போது அவர் பேசுவது அக்கறையாலா, மீண்டும் ஏற வைக்க வேண்டிய கடமையாலா என்பதை அவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். நெடுவழி கேட்ட பாரத்துக்கு என் விடை அதுதான். இந்தக் கதையில் எந்த வெற்றியும் சிறுவனுக்குச் சொந்தமாவதில்லை; ஒவ்வொன்றும் அவனை அடுத்த முறையும் பயன்படுத்தலாம் என்பதற்கான சான்றாகவே பதிவாகிறது.

நெடுவழி:

மூவருக்கும் நன்றி. செய்யாததற்குப் பாராட்டு, செய்யாததற்குத் தண்டனை என்று கார்முகில் சொன்னதைப் படித்த பிறகு இரண்டாவது, மூன்றாவது எபிசோடுகளை மீண்டும் போட்டுப் பார்த்தேன். முதலில் வெறும் இடைச்செருகலாகத் தோன்றிய வீட்டுக் காட்சிகள் இப்போது முற்றிலும் வேறாகத் தெரிகின்றன. வெண்பலகை சுட்டிய சங்கடம் எனக்கும் இருந்தது. அதை யாரும் பேசவில்லையே என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

இரண்டு கேள்விகள் மீதம் உள்ளன. நான்காவது எபிசோடில் சண்டையே இல்லை. அவன் தொடர்வண்டியில் சுற்றுகிறான், திரையரங்கில் உறங்குகிறான், மலைப்பக்கம் நடக்கிறான். இறுதியில் நிலையத்தில் மிசாட்டோவும் அவனும் எதிரெதிரே நிற்கும் காட்சி அசையாமல் நெடுநேரம் நீடிக்கிறது. என் இணைப்பு நின்றுவிட்டதோ என்று ஐயுறும் அளவுக்கு நீண்ட அந்த நிலைக்காட்சி பணப் பற்றாக்குறையால் வந்ததா, வேண்டுமென்றே வைத்ததா? அடுத்து, ஆறாவது எபிசோடு மட்டும் எனக்கு ஏன் சற்று இளைப்பாறுதலாக இருந்தது? அதில்தானே ஆபத்து மிகப் பெரிது.

ஊதாநிழல்:

இந்த இரண்டு கேள்விகளுக்காகவே எழுத வந்தேன்.

நிலையக் காட்சியை முதலில் பார்ப்போம். தொலைக்காட்சி அனிமேயில் ஒவ்வொரு அசைவும் உழைப்பும் பணமும் கோருவது. அசையாத படம் எல்லா நிறுவனங்களும் கையாண்ட சிக்கன வழி. இந்தத் தொடரைத் தயாரித்த கைனாக்ஸும் அதற்கு விலக்கன்று. ஆனால் சிக்கனத்துக்காக மட்டும் வைக்கப்படும் நிலைப்படத்தின் மீது இசையையோ உரையாடலையோ ஓட்டி, அது அசையவில்லை என்பதை மறைப்பார்கள். இங்கே இசை இல்லை, பேச்சும் இல்லை. இரண்டு பேரும் நிற்கிறார்கள், சுற்றுப்புற ஓசைகள் மட்டும் கேட்கின்றன. மறைக்க வேண்டியதை மறைக்காமல் நம் முன்னே வைப்பதனால், நாமும் அவர்களோடு சேர்ந்து காத்திருக்க நேர்கிறது. யார் முதலில் பேசுவார் என்ற எளிய கேள்வி, எந்த ஏஞ்சலும் தராத பதற்றத்தைத் தருகிறது. அதன் முடிவில் அவன் வீட்டுக்குத் திரும்பி வருபவன் சொல்லும் முகமனைச் சொல்கிறான், அவர் வரவேற்கிறார். அந்த இரண்டு சொற்களும் எடை பெறுவது அந்தக் காத்திருப்பினால்தான்.

ஓசையைப் பற்றிச் சொல்லும்போது சில்வண்டுகளைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. கதைப்படி 2000ஆம் ஆண்டின் ‘இரண்டாம் தாக்கம்’ பூமியின் பருவங்களைக் குலைத்துவிட்டது. ஜப்பானில் நிரந்தரக் கோடைதான். ஆகவே கோடைக்குரிய சில்வண்டுகளின் இரைச்சல் வகுப்பறையிலும் தெருவிலும் ரெய்யின் குடியிருப்பு வளாகத்திலும் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பேரழிவைப் பற்றி யாரும் விளக்கிக்கொண்டிருக்காத நேரத்திலும் அந்த இரைச்சல் அதை நினைவூட்டிக்கொண்டிருக்கிறது. முதல் முறை பார்க்கும்போது பின்னணி ஓசையாக மட்டுமே கடந்துபோகக் கூடியது. ஒருமுறை கவனித்துவிட்டால் பிறகு அதைக் கேட்காமல் இருக்க முடியாது.

முள்ளெலிகளின் இக்கட்டைப் பற்றி ரிட்சுகோ மிசாட்டோவிடம் பேசுவது உங்கள் நினைவில் இருக்கும். குளிரில் நெருங்கினால் முள் குத்தும், விலகினால் குளிர் வாட்டும் என்ற அந்த உவமை ஷோப்பன்ஹவர் 1851இல் வெளியிட்ட நூலிலிருந்து வருவது. இந்த ஆறு எபிசோடுகளின் அமைப்பே அதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. நெருங்கும் ஒவ்வொருவரும் குத்துகிறார்கள்: டோஜி கையால், ரெய் அறையால், தந்தை பார்வையைத் திருப்பிக்கொள்வதால். ஆறாவது எபிசோடு உங்களுக்கு இளைப்பாறுதலாக இருந்ததற்குக் காரணம், அதில் முதல்முறையாக இருவர் நெருங்குகிறார்கள், யாரும் குத்தவில்லை என்பதே.

ஐந்தும் ஆறும் சேர்ந்த ஒரே கதையாகப் பாருங்கள். ஐந்தாவதில் ரெய்யின் எவா கட்டுப்பாட்டை இழந்த பழைய சோதனை காட்டப்படுகிறது. தெறித்து விழுந்த என்ட்ரி பிளக்கை (பைலட் அமரும் கூண்டை) நோக்கிக் கெண்டோ ஓடிச் சென்று, கொதிக்கும் கைப்பிடியை வெறுங்கையால் திருகித் திறக்கிறார். கையில் தழும்பு, உடைந்த மூக்குக் கண்ணாடி. மகனுக்கு ஒரு சொல்லைக்கூடத் தராத மனிதர் வேறொருத்திக்காகத் தன் கைகளைச் சுட்டுக்கொண்டார் என்பதை ஷின்ஜி பிறர் வாயிலாகக் கேட்டு அறிகிறான். அது அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதைத் தொடர் வசனமாகச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது சரியான முடிவு.

அடுத்து ராமியேல். முகமோ கைகால்களோ இல்லாத நீல எண்முகி. அது நகரத்தின் மேலே மிதந்தபடி எவாக்களை இயக்கும் நெர்வ் அமைப்பின் தலைமையகத்தை நோக்கிப் பூமியைத் துளைக்கிறது. திட்டத்தின் பெயர் யாஷிமா. ஜப்பான் முழுவதிலிருந்தும் 18 கோடி கிலோவாட் மின்சாரத்தை ஒரே துப்பாக்கிக்குள் செலுத்த வேண்டும். வெற்றி வாய்ப்பு 8.7 விழுக்காடு. துப்பாக்கியை இரவல் பெறுவது, கம்பிகளையும் மின்மாற்றிகளையும் இழுத்துச் சேர்ப்பது, ஊர் ஊராக விளக்குகள் அணைவது ஆகிய ஆயத்தங்களை இசையமைப்பாளர் ஷிரோ சாகிசுவின் டிம்பனி முரசொலி முன்னால் தள்ளிக்கொண்டு போகிறது. பெயர் தெரியாத எத்தனையோ பொறியாளர்களும் பணியாளர்களும் ஒரு சிறுவன் ஒரு முறை விசையை அழுத்துவதற்காக உழைக்கிறார்கள். அதுவரை அவன் மீது சுமத்திய உலகம் இந்த ஒரு இரவில் அவனோடு சேர்ந்து சுமக்கிறது. இளைப்பாறுதலுக்கு அதுவும் ஒரு காரணம். 2011 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு மின்பற்றாக்குறை ஏற்பட்டபோது, ஜப்பானியர்கள் இணையத்தில் மின்சாரத்தைச் சேமிக்கும் முயற்சிக்கு இந்தத் திட்டத்தின் பெயரையே சூட்டிக்கொண்டார்கள். பதினாறு ஆண்டுகள் கழித்தும் அந்த விளக்கணைப்புக் காட்சி அவர்கள் மனத்தில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது.

முதல் குண்டு தவறுகிறது. மறுமுறை சுட ஆயத்தமாகும்வரை ரெய் கேடயத்தோடு அவன் முன்னே நிற்கிறாள். கேடயம் தாங்கக்கூடியது 17 நொடிகள். ஏஞ்சல் வீழ்ந்தவுடன் ஷின்ஜி ஓடிப்போய் அவளுடைய பிளக்கின் கொதிக்கும் கைப்பிடியைத் திருகுகிறான். தந்தை செய்த அதே செயல், ஏறக்குறைய அதே கோணங்களில். உள்ளே இருக்கும் ரெய்க்கும் ஒரு கணம் கெண்டோவின் முகமே தெரிகிறது. அதுவரை யாரோ சொல்லி எல்லாவற்றையும் செய்துவந்த ஷின்ஜி, அந்தக் கைப்பிடியை யாரும் சொல்லாமலே பிடிக்கிறான். நெடுவழி, இந்த ஆறு எபிசோடுகளில் அவனுக்கே உரிய வெற்றி ஒன்று உண்டென்றால் அது ராமியேலைச் சுட்டது அன்று.

வெண்பலகை:

அந்தக் கைப்பிடியைப் பற்றி ஊதாநிழல் எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அதற்கு முந்தைய எபிசோடில் அதே பெண்ணை அந்தச் சங்கடமான காட்சியில் வைத்தார்கள் என்பது என்னை இன்னும் உறுத்துகிறது. ஆறாவதின் அழகு ஐந்தாவதின் தவறைச் சரிசெய்துவிடாது.

கார்முகில்:

வெண்பலகையின் மறுப்பை நான் மறுக்கவில்லை. முன்னோட்டக் குரலைப் பொறுத்தவரை எனக்கு வேறு ஓர் எண்ணம் உண்டு. இரண்டாவது எபிசோடின் இறுதிக்குப் பிறகு ‘ஃபிளை மீ டு த மூன்’ பாடல் மென்மையாக ஒலிப்பதும், உடனே மிசாட்டோ உற்சாகமாக அடுத்த வாரத்தை அறிவிப்பதும், தாம் காட்டியதன் கடுமையிலிருந்து பார்வையாளரை வெளியே கொண்டுவரத் தயாரிப்பாளர்கள் தேடிய வழி என்று நினைக்கிறேன். வாரத்துக்கு ஒன்றாகப் பார்த்தவர்களுக்கு அது உதவியிருக்கும். தொடர்ச்சியாகப் பார்க்கும் நமக்கு அது உராய்வாகவே தெரிகிறது. 2019இல் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட பதிப்பில் ஜப்பானுக்கு வெளியே அந்தப் பாடலுக்குப் பதிலாகப் பியானோ இசை வைக்கப்பட்டுவிட்டதால், நீங்கள் எந்தப் பதிப்பைப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்து எபிசோடு முடியும் உணர்வும் மாறும்.

தாழிசை:

இந்த இறுக்கம் இப்படியே தொடருமா என்ற கேள்விக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை. கதையைச் சொல்லாமல் இதை மட்டும் சொல்கிறேன். எட்டாவது எபிசோடில் புதிய பைலட் ஒருத்தி அறிமுகமாவதோடு தொடரின் நிறமே மாறுகிறது. வேகமும் வெளிச்சமும் நகைச்சுவையும் கூடுகின்றன. அந்தப் பகுதியைச் சிலர் இலேசானது என்று தாண்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். பிற்பகுதியைத் தாங்கும் உறவுகள் அங்கேதான் உருவாகின்றன. பிற்பகுதி இந்த ஆறு எபிசோடுகளைவிடக் கடுமையானது என்பதையும் இப்போதே அறிந்திருங்கள்; மனம் சோர்ந்திருக்கும் நாட்களில் அதைத் தொடராமல் ஒத்திவைப்பது நல்லது.

இன்னொன்று. 2007இல் வெளிவந்த முதல் ‘ரீபில்ட்’ திரைப்படம் நீங்கள் இதுவரை பார்த்த இந்த ஆறு எபிசோடுகளின் கதையையே மறுபடியும் சொல்கிறது. ராமியேல் அதில் கணத்துக்குக் கணம் வடிவம் மாறும் பெருங்காட்சியாக இருக்கிறது. இப்போதே அதைப் பார்த்து ஒப்பிடத் தோன்றும். 26 எபிசோடுகளையும், அவற்றுக்குப் பின் 1997இல் வந்த ‘தி எண்ட் ஆஃப் எவாஞ்சலியன்’ படத்தையும் முடித்துவிட்டு அதற்குப் போவதே முறை.

நெடுவழி:

பார்க்கும் முறையை மனத்தில் வைத்துக்கொள்கிறேன், தாழிசை. ரீபில்ட் படத்தை இன்றே தொடங்க எண்ணியிருந்தேன்; இனி ஏழாவது எபிசோடிலிருந்து தொடர்கிறேன். ஊதாநிழல், கைப்பிடியைத் திருகும் இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தேன். கெண்டோ அதைத் திறந்தது ரெய்யின் மீதுள்ள அன்பினால்தானா, வேறு காரணம் இருக்கிறதா என்ற கேள்வி இப்போது எனக்கு எழுந்திருக்கிறது. விடையைச் சொல்லிவிடாதீர்கள். பன்னிரண்டாவது எபிசோடு வரை பார்த்துவிட்டு இதே இழையில் எழுதுகிறேன்.